பதினோரு நிறுத்தங்கள்

பாலத்தின் நடுவில் தும்மல் வந்தது.
டவ்காவா ஆறு உறைந்து கிடந்தது;
நான் மட்டும் உறையவில்லை.

ட்ராம் ஓட்டுகிறவளுக்கு இருக்கை உண்டு, மணி உண்டு,
கண்ணாடிப் பனி துடைக்க வெந்காற்று உண்டு.
எழுந்து போக மட்டும் வழியில்லை.
பின்னால் எண்பது பேர்,
மீன் கூடைகள், உறையிட்ட ஒரு செல்லோ,
பள்ளிக்குப் பிந்திய பையன்.
சந்தையிலிருந்து கடைசி வளைவு வரை
பதினோரு நிறுத்தங்கள்.
வளைவில் ஒரு கழிப்பறை, அதற்கு ஒரு சாவி,
சாவி தொலையாதிருக்க ஒரு மரக்கட்டை.
ரீகாவில் வேறெதையும்
நான் அவ்வளவு காதலித்ததில்லை.

ஏழாம் மாதத்தில் ஆரம்பித்தது.
மாடிப்படியில் ஐகார்ஸ் ஏதோ சொன்னான், சிரித்தேன்.
என்ன சொன்னான் என்பது மறந்துவிட்டது.
ஈரம் மறக்கவில்லை.
பனிக்குடம் உடைந்ததென்று பயந்து
சாலையில் வண்டி பிடித்து ஓடினோம்.
செவிலி ஒரு தாளை நனைத்துப் பார்த்து
“வெறும் மூத்திரம்தான்” என்றாள்.
அந்த ‘வெறும்’ என்ற சொல்லை
மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

பிறந்தபின் நின்றுவிடும் என்றார்கள்.
மகள் பிறந்தாள், நாலேகால் கிலோ.
அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் நனையும்.
அவளுக்கு மாற்றும்போது
எல்லோரும் கொஞ்சினார்கள்.

வேலைக்குத் திரும்பியதும் தண்ணீரை நிறுத்தினேன்.
நாக்கு காய்ந்தது; கீழே காயவில்லை.
தேநீர் நிறத்தில், எரிந்துகொண்டு,
இன்னும் அடிக்கடி வந்தது.
கறுப்புக் கால்சட்டை. நீளக் கோட்டு.
இருக்கையில் நாலாய் மடித்த துண்டு.
முதுகுவலி என்று சொல்லிவைத்தேன்.
முதுகுவலிக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஒருநாள் டிப்போவில் அலமாரி மாறித் திறந்தேன்.
என்னுடையது இருபத்தாறு. திறந்தது இருபத்தைந்து,
வால்டெமார்ஸுடையது.
தடம்புரண்ட பெட்டியைக் கடப்பாரையால் நெம்பியவன் அவன்.
உள்ளே தேய்த்து மடித்த இரண்டு கால்சட்டைகள்,
என் பையில் இருக்கும் அதே பொட்டலம்,
பெரிய அளவில்.
திரும்பினால் பின்னால் நிற்கிறான்.
“புரோஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள்,”
காலை வணக்கம் சொல்வதுபோல் சொன்னான்.
“தும்மல்,” என்றேன்.
சிரித்தோம்.
சிரித்தது தவறு, இருவருக்குமே.

அவன் கிழித்துத் தந்த சீட்டில் பைபா என்றொரு பெயர்.
படுக்கச் சொன்னாள், கையுறை மாட்டினாள், “இறுக்கு” என்றாள்.
பல்லை இறுக்கினேன், தொடையை, புருவத்தை.
“அதெல்லாம் அதன் வேலையில்லை.”
இடுப்பெலும்புக்கு அடியில் ஒரு தூளியாம்,
மகளையும் சுமந்து என்னையும் சுமந்து
முடிச்சு நெகிழ்ந்துவிட்டதாம்.
உள்ளே இழு, மேலே தூக்கு,
மூச்சைப் பிடிக்காமல் பத்து எண்ணு.
பிறகு விடு. முழுதாக விடு.

விடத் தெரியவில்லை எனக்கு.
அடக்கமானவள் என்று பள்ளியில் பெயர் வாங்கியவள்,
கை தூக்கக் கூச்சப்பட்டு
மணி அடிக்கும்வரை காலைப் பின்னிக்கொண்டவள்.
அழுகை வந்தது.
“அதுவும் கணக்கில் சேரும்,” என்றாள் பைபா,
கடிகாரத்தைப் பார்த்தபடி.

சிவப்பு விளக்குகள் இப்போது என்னுடையவை.
சிவப்பில் இறுக்குகிறேன், பச்சையில் விடுகிறேன்.
யாருக்கும் தெரியாது
இந்த நகரம் என் தசைக்குப் பயிற்சி தருவது.
தண்ணீர்ப் புட்டி மறுபடி கைக்கெட்டும் இடத்தில்.
காப்பி ஒன்றோடு சரி.
மூக்கு அரிக்கும்போதே தூளியை ஒருமுறை தூக்கிக்கொள்ள வேண்டும்;
அந்த அரை நொடிதான் எல்லாம்.

மூன்று மாதமாகிறது. குறைந்திருக்கிறது.
நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்.
இன்று பாலத்தில் ஒரு துளி, அல்லது மூன்று.
துண்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்த்தடத்தில் வால்டெமார்ஸ் வந்தான்.
எங்களுக்குள் ஓர் ஏற்பாடு:
காய்ந்த நாளுக்கு ஒரு மணி, மற்றதற்கு இரண்டு.
அவன் ஒன்று அடித்தான்.
நான் ஒன்று அடித்து, கொஞ்சம் யோசித்து,
இரண்டாவதையும் அடித்தேன்.

“ஏன் மணி அடிக்கிறார்கள்?” என்று
பின்னால் ஒரு குழந்தை கேட்டது.
நலம் விசாரிக்கிறார்கள் என்று
யாரோ சொன்னார்கள்.

சரியாகத்தான் சொன்னார்கள்.